நிஜாம் காலேஜுக்கு மெட்ராஸில் என்ன வேலை?

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பேரன் பேத்தி அமெரிக்காவில். மீதிப் பேர், அந்தப் பாதிப் பேர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நடக்கிறவர்கள். நான் இரண்டாவது ரகம். ஏ.ஜீஸ் ஆபீஸில் ரிட்டயர் ஆன என் நண்பர் முதல் ரகம். அன்றைக்கு மூன்றாவது சுற்றில் திடீரென்று நின்றுவிட்டார். பின்னால் வந்த இரண்டு பேர் அவர் மேல் மோதாமல் தப்பித்தது கபாலீஸ்வரர் புண்ணியம்.

“கேட்டீரா ஓய், ஸ்டான்ஃபோர்டைக் கொண்டுபோய் அட்லாண்டிக் கோஸ்ட்டுல சேத்துட்டான். அது இருக்கறது கலிபோர்னியா. பக்கத்துல இருக்கறது பசிபிக். படிச்சவன் பண்ற காரியமா இது?”

அவர் பேத்தி அங்கேதான் படிக்கிறாள். ஒரு விளையாட்டும் விளையாட மாட்டாள், ஆனால் கல்லூரி வாலிபால் டீம் என்றால் உயிர். அந்த டீம் இப்போது லீக் மேட்ச் ஆட சுமார் 4,000 கிலோமீட்டர் பறந்து வடக்குக் கரோலினாவுக்குப் போய்வருகிறதாம்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: அமெரிக்கக் கல்லூரிகள் விளையாட்டுக்காகப் பங்காளிக் கூட்டம் மாதிரி சேர்ந்திருக்கும். அதற்கு ‘கான்ஃபரன்ஸ்’ என்று பெயர். பக்கத்து ஊர்க் கல்லூரிகள் பஸ்ஸில் போய் ஒன்றோடொன்று மோதிக்கொள்ள வேண்டும் என்பதுதான் முதலில் இருந்த எண்ணம். பிறகு டி.வி.க்காரன் பணத்தோடு வந்தான். 2024-ல் ஸ்டான்ஃபோர்ட் அட்லாண்டிக் கரைக்காரர்களோடு சேர்ந்தது. மெரினாவில் வலை காய வைப்பவன் அரபிக்கடல் மீனவர் சங்கத்தில் சந்தா கட்டிய மாதிரி. ‘பிக் டென்’ என்று பெயர் வைத்துக்கொண்ட கூட்டத்தில் இன்று 18 பேர். ‘பிக் 12’-ல் 16 பேர். 1915-லிருந்து இருந்த பசிபிக் கூட்டத்துக்கு ‘பேக் 12’ என்று பெயர். பத்துப் பேர் ஓடிப்போய் இரண்டே பேர் மிஞ்சினார்கள். பஞ்சபாண்டவர் எனக்குத் தெரியாதா, கட்டில் கால் மாதிரி மூணு பேர் என்று சொல்லி, இரண்டு விரலைக் காட்டி, சிலேட்டில் ஒன்று என்று எழுதினானே, அவன் பேரன்தான் அங்கே கணக்குப்பிள்ளையாக இருக்க வேண்டும்.

“ஓய், இதெல்லாம் நம்ம ஊர்ல 1857-லயே பண்ணியாச்சு” என்றேன். நண்பர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்தால் அன்றைய நடை முடிந்தது என்று அர்த்தம்.

1857 செப்டம்பரில் மெட்ராஸ் யுனிவர்சிடி பிறந்தது. பிறந்தது என்றால் சட்டப் புத்தகத்தில். லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துக் காப்பியடித்த ஏற்பாடு: பாடம் நடத்தாது, பரீட்சை மட்டும் வைக்கும். அடுப்பே மூட்டாமல் பந்தியில் உட்கார்ந்து ருசி பார்த்து மார்க் போடுகிற மாமனார் மாதிரி. முதல் பி.ஏ. பட்டியலில் இரண்டு பெயர். ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. இன்னொருவர் அவருக்கே பாடம் சொல்லிக்கொடுத்த கறல் விசுவநாதபிள்ளை. வாத்தியாரும் மாணவனும் ஒரே பரீட்சையில் உட்கார்ந்தது ஒரு வேடிக்கை. அதைவிடப் பெரிய வேடிக்கை, இரண்டு பேருக்கும் மயிலாப்பூரும் இல்லை, திருவல்லிக்கேணியும் இல்லை. இரண்டு பேரும் யாழ்ப்பாணம், வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை பின்னால் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சில் ஏற்றி நம் எல்லோர் மானத்தையும் காப்பாற்றினார் என்பது வேறு கதை. இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான்: மெட்ராஸ் யுனிவர்சிடி கணக்கைத் திறந்ததே கடலுக்கு அந்தப் பக்கத்து ஆட்களை வைத்து. ஸ்டான்ஃபோர்டுக்கு அண்ணன் வட்டுக்கோட்டை.

சேப்பாக்கத்தில் சிஷோல்ம் துரை செனட் ஹவுஸைக் கட்டி முடித்தபோது, அந்த மண்டபத்துக்குக் கட்டுப்பட்ட கல்லூரிகள் தென்னிந்தியா முழுக்கப் பரவியிருந்தன. மைசூர் மகாராஜா கல்லூரி, பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி எல்லாம் மெட்ராஸ் குடும்பம். இதில் நான் அடிக்கடி நினைத்துச் சிரிப்பது ஹைதராபாத் நிஜாம் காலேஜ். 1887-ல் தொடங்கியது. நிஜாமுக்குத் தனி நாணயம், தனி ரயில், தனிப் படை எல்லாம் இருந்தது. காலேஜுக்கு மட்டும் பரீட்சைத் தாள் மெட்ராஸிலிருந்து போனது. அந்தக் கல்லூரியின் முதல் பிரின்சிபால் அகோரநாத சட்டோபாத்யாயா. அவருடைய பெண் பன்னிரண்டு வயதில் மெட்ராஸ் மெட்ரிகுலேஷன் எழுதி மாகாணத்திலேயே முதலாவதாக வந்தாள். பெயர் சரோஜினி, பிற்பாடு நாயுடு. அப்போதும் உள்ளூர்ப் பையன்கள் வேடிக்கைதான் பார்த்தார்கள்.

1918-ல் ஹைதராபாத்திலேயே உஸ்மானியா பல்கலைக்கழகம் வந்தது. சரி, ஜட்கா வண்டியில் ஏறினால் போய்ச் சேருகிற தூரம், நிஜாம் காலேஜ் அங்கே மாறிவிடும் என்றுதானே நாம் நினைப்போம்? மாறவில்லை. உஸ்மானியாவில் பாடமொழி உருது. நிஜாம் காலேஜில் இங்கிலீஷ். ஆகையால் வாசலில் இருந்த சொந்தக்காரனை விட்டுவிட்டு 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த மெட்ராஸோடு அது குடும்பம் நடத்தியது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, 1947 வரை. பல்கலைக்கழகங்களுக்குள் கிரிக்கெட் போட்டியான ரோஹின்டன் பாரியா கோப்பை 1935-ல் ஆரம்பித்தது. விதிப்படி பார்த்தால், சார்மினார் பக்கத்தில் டென்னிஸ் பால் அடித்து வளர்ந்த நிஜாம் காலேஜ் பையன் மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்காரன். அவன் வீட்டுக்கு எதிர்வீட்டு உஸ்மானியாப் பையன் எதிரணி. அமெரிக்காக்காரன் இதைக் கேட்டால் டி.வி. உரிமையை எவ்வளவுக்கு விற்றீர்கள் என்று கேட்பான். ஒரு தம்பிடி வரவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டான்.

முதலில் வீட்டை விட்டுப் போனது மைசூர், 1916-ல், மரியாதையாகச் சொல்லிக்கொண்டு. ஆந்திராக்காரர்கள் போனது கல்யாண வீட்டுச் சண்டை மாதிரி. 1926-ல் ஆந்திரப் பல்கலைக்கழகம் வந்தது. தலைமையிடம் பெஜவாடாவா, ராஜமுந்திரியா, விசாகப்பட்டினமா என்று இழுபறி. பெஜவாடாவில் பந்தி போட்டு, விசாகப்பட்டினத்து வால்டேரில் இலை எடுத்தார்கள். ராயலசீமைக்காரர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்கள்: “அனந்தப்பூரிலிருந்து வால்டேர் போகிற நேரத்தில் மெட்ராஸுக்குப் போய் எழுதிவிட்டுத் திரும்பியே வந்துவிடலாமே, நாங்கள் எதற்கு அங்கே?” மொழி ஒன்று, மனசு வேறு, ரயில் டைம்டேபிள் மூன்றாவது. அவர்கள் மெட்ராஸ் பக்கமே சாய்ந்தார்கள்.

இந்தத் தகராறைப் பேசித் தீர்க்கப் பெரிய மனிதர்கள் கூடினார்கள். எங்கே? மயிலாப்பூரில். 1937 நவம்பர் 16, ‘ஸ்ரீபாக்’ என்ற பங்களாவில். வீட்டுக்காரர் காசிநாதுனி நாகேஸ்வர ராவ். நானும் ஏ.ஜீஸ் ஆபீஸும் உட்கார்ந்திருந்த பூங்காவுக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான். பத்திரிகை நடத்தினார், தேசத்துக்காக உழைத்தார், எல்லாம் சரி; ஆனால் வீட்டு அலமாரி வரைக்கும் போய்ச் சேர்ந்த அவருடைய சாதனை 1893-ல் தொடங்கிய அமிர்தாஞ்சனம். இரண்டு பிராந்தியத்துத் தலைவலியையும் பேசித் தீர்க்க இதைவிடப் பொருத்தமான விலாசம் இந்தியாவில் இருந்திருக்க முடியாது. வரப்போகிற தனி ஆந்திராவின் தலைநகர் உனக்கா எனக்கா, ஹைகோர்ட் உனக்கா எனக்கா என்பதோடு பல்கலைக்கழகமும் ஒரு அயிட்டம். வால்டேரில் ஒரு மையம், அனந்தப்பூரில் ஒரு மையம் என்று கையெழுத்தாயிற்று. காபி குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள்.

அனந்தப்பூருக்கு என்ன கிடைத்தது? 1954-ல் பல்கலைக்கழகம் வந்தது, திருப்பதிக்கு. பெருமாளோடு போட்டி போட்டு யார் ஜெயிக்க முடியும்? அனந்தப்பூருக்கென்று ஒன்று வர 1981 ஆனது. ஒரு பையன் ஸ்ரீபாக்கில் கையெழுத்தான அன்று பிறந்திருந்தால், தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சேர நாற்பத்து நாலு வயதில் வரிசையில் நின்றிருப்பான்.

அதே 1937 நவம்பரில்தான் திருவிதாங்கூரும் தனிப் பல்கலைக்கழகம் வைத்துக்கொண்டு போனது. வைஸ்-சான்ஸலர், திவான் சர் சி. பி. ராமசாமி அய்யர். அவர் வீடு ‘தி குரோவ்’ எங்கே? எல்டாம்ஸ் ரோட்டில். ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கு 1931-லிருந்து ஐந்து வருஷம் வைஸ்-சான்ஸலராக இருந்த ராதாகிருஷ்ணன் கடைசியில் எங்கே வந்து குடியிருந்தார்? மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில்; இன்று அந்த ரோட்டுக்கே அவர் பெயர். மெட்ராஸ் பல்கலைக்கழகத்திலிருந்து யார் எதைப் பிரித்துக்கொண்டு போனாலும் ஒரு மயிலாப்பூர் விலாசம் வந்து விழுகிறது. பாகப்பிரிவினை வக்கீல்கள் எல்லாம் இந்தப் பக்கம்தானே குடியிருந்தார்கள், தொழில் பழக்கம்.

இந்த இடத்தில் நண்பர் குறுக்கிட்டார். “அதெல்லாம் சரி ஓய். நோட்டர் டேம்னு ஒண்ணு இருக்கே, அது ஃபுட்பால்ல யாரோடயும் சேராது. பாஸ்கட்பால் அட்லாண்டிக்காரனோட. ஐஸ் ஹாக்கி மட்டும் பிக் டென்னோட. இதுக்கு என்ன சொல்றீர்?”

ஜான்ஸ் ஹாப்கின்ஸும் அப்படித்தான், லக்ராஸ் என்ற ஒரே ஆட்டத்துக்கு மட்டும் பிக் டென்னில் உறுப்பினர். மற்ற நாளில் முகம் தெரியாது, தீபாவளிக்கு மட்டும் வருகிற மாப்பிள்ளை. ஆனால் இந்த ஒற்றை விளையாட்டு உறவையும் நாம் எப்போதோ பார்த்தாயிற்று. நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரியில் பெர்ட்ரம் டென்னிஸ் போட்டி, கல்லூரி மாணவர்களுக்கு மட்டும். 1951 வாக்கில் ஒரு டென்னிஸ் கோச் தன் பையனை அதில் ஆடவிட ஆசைப்பட்டார். பையன் கல்லூரியில் இல்லை. வயது பதின்மூன்று. லயோலா பிரின்சிபாலிடம் விசேஷ அனுமதி வாங்கிப் பையன் உள்ளே வந்தான். படிப்பு ஸ்கூலில், டென்னிஸ் மட்டும் காலேஜில்.

எதிரே நின்ற பி.ஏ. மாணவர்களை நினைத்துப் பாருங்கள். மீசை முளைத்து, பேன்ட் போட்டு, மாலையில் கேன்டீனில் கதை அளப்பவர்கள். வலைக்கு அந்தப் பக்கம் அரை டிராயர் பையன். “தம்பி, பந்து பொறுக்க வந்தியா?” என்று ஒருவராவது கேட்டிருக்க மாட்டாரா? தம்பி கோப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். தம்பி பெயர் ராமநாதன் கிருஷ்ணன். 1954-ல் ஜூனியர் விம்பிள்டன் ஜெயித்தான். அதைச் செய்த முதல் ஆசியன். 1960, 61 இரண்டு வருஷமும் பெரியவர்கள் விம்பிள்டனில் அரை இறுதி. அந்த பி.ஏ. மாணவர்கள் வாழ்நாள் முழுக்க “கிருஷ்ணன்கிட்ட தோத்தவன் நான்” என்று சொல்லியே பாங்கில் பிரமோஷன் வாங்கியிருப்பார்கள். பிற்பாடு கிருஷ்ணன் லயோலாவிலேயே சேர்ந்து படித்தார். ஒற்றை ஆட்டத்துக்கு வந்தவர் முழு உறுப்பினர் ஆனார். நோட்டர் டேமுக்கு இன்னும் அந்தப் புத்தி வரவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் கதை, பெண்களை ஒவ்வொருவராகக் கட்டிக்கொடுத்த தாயார் கதை. ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் 1942-லிருந்து 27 வருஷம் வைஸ்-சான்ஸலர். அவர் இருந்தவரை ஒருவரும் வாசலைத் தாண்டத் துணியவில்லை என்று சொல்ல ஆசை, ஆனால் 1966-லேயே மதுரை போய்விட்டது. 1982-ல் கோவையும் திருச்சியும் பாரதியார், பாரதிதாசன் பெயரில் ஒரே முகூர்த்தத்தில் கிளம்பின. இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம், வெளியூர். கை ஒடிந்தது 1978-ல், கிண்டி போனபோது.

கிண்டி என்ஜினியரிங் காலேஜ் 1794-ல் சர்வே ஸ்கூலாகத் தொடங்கியது, பல்கலைக்கழகத்துக்கே மூத்தது. மெட்ராஸ் யுனிவர்சிடி கிரிக்கெட்டுக்கு அது வெறும் என்ஜினியர் ஃபாக்டரி இல்லை. வெங்கட்ராகவன் அந்தக் கல்லூரிப் பையன். 1965-ல் நியூஸிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடும்போது வயது பத்தொன்பது. அதே தொடரில் டெல்லியில் ஒரே இன்னிங்ஸில் எட்டு விக்கெட். ஸ்ரீகாந்த் அதே கல்லூரியில் எலெக்ட்ரிகல். அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு மெயின் சுவிட்ச் எந்த நேரமும் ஆனில்தான் இருக்கும் என்று தெரியும். 1978 செப்டம்பரில் கிண்டி, ஏ.சி. டெக், குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி நாலையும் சேர்த்து அண்ணா பெயரில் தனிப் பல்கலைக்கழகம். ஏ.சி. டெக் இருந்த இடமே மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். பெண்ணைக் கட்டிக்கொடுத்துக் கொல்லைப்புறத்தையும் எழுதிக்கொடுத்த கதை.

அதற்குப் பிறகு வரிசையாக. 1988-ல் மருத்துவக் கல்லூரிகள் எம்.ஜி.ஆர். பெயரில் போயின. 1997-ல் சட்டக் கல்லூரி, அம்பேத்கர் பெயரில். உடற்கல்விக்கு ஒரு பல்கலைக்கழகம் வந்து, ஹாரி பக் என்ற அமெரிக்கர் 1920-ல் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியும் அந்தப் பக்கம் போனது. 2008-ல் சைதாப்பேட்டை வாத்தியார் காலேஜ். இப்போது மெட்ராஸ் யுனிவர்சிடி டீமின் நிலையை யோசியுங்கள். அம்பயரோடு வாதாட லா காலேஜ்காரன் இல்லை. கால் பிசகினால் பார்க்க மெடிக்கல் காலேஜ்காரன் இல்லை. ஆஃப் ஸ்பின் போட என்ஜினியர் இல்லை. விசில் ஊதக்கூட ஒய்.எம்.சி.ஏ.காரன் இல்லை.

நான் படித்ததும் இப்படித் தாலி மாற்றிக்கொண்ட ஒரு கல்லூரிதான். பெயர் வேண்டாம், பி.டி. மாஸ்டருக்குப் பேரன்கள் இருக்கிறார்கள். நான் 400 மீட்டர் ஓடுவேன். ஓடுவேன் என்றால் கடைசிக்கு முந்தின ஆளாக வருவேன். பல்கலைக்கழகம் மாறிய வருஷம் புது ஜெர்சிக்குப் பணம் சாங்ஷன் ஆகவில்லை. பி.டி. மாஸ்டர் பழைய பனியன்களை மூட்டையாகக் கட்டி என் தலையில் வைத்து, பனகல் பார்க் பக்கத்துத் தையல்காரரிடம் அனுப்பினார். பழைய முத்திரை மேல் புது முத்திரையைத் தைக்க வேண்டும். ஒரு முத்திரைக்கு நாலணா கேட்டார். நான் மூன்றணாவுக்குப் பேசி முடித்தேன். மூன்றணாவுக்கு உள்ள வேலையை அவர் செய்தார்: மேல் விளிம்பில் மட்டும் நாலு ஓட்டுத் தையல், மற்ற மூன்று பக்கமும் காற்றாட.

முதல் வளைவு வரை மானம் நின்றது. இரண்டாவது வளைவில் எதிர்க்காற்று. புது முத்திரை கேட் மாதிரித் திறந்து என் தாடையில் அடித்தது. அடியில் பழைய பல்கலைக்கழகம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு பல்கலைக்கழகத்துக்காக ஓட ஆரம்பித்து இன்னொன்றுக்காக முடித்தேன். மேஜையில் இருந்தவர் யாருக்கு எழுதுவது என்று என்னைக் கேட்டார். ஆறாவது இடத்துக்குப் புள்ளி கிடையாது என்பதால் விஷயம் பெரிதாகவில்லை.

கிண்டிக்காரர்களும் நிம்மதியாக இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். 2001-ல் தமிழ்நாட்டு என்ஜினியரிங் கல்லூரிகளை அண்ணா பல்கலைக்கழகத்தோடு கொண்டுவந்து கட்டினார்கள். சுமை அதிகம் என்று சில வருஷத்தில் கோவை, திருச்சி, நெல்லை என்று துண்டு போட்டு, 2010-ல் மதுரையையும் வெட்டினார்கள். ஆட்சி மாறியது. 2012-ல் எல்லாத் துண்டையும் மறுபடி ஒட்டினார்கள். பிரிந்த அண்ணன் தம்பி ஒரே சமையலுக்குத் திரும்பியதை நான் குடும்பங்களில் பார்த்ததில்லை, பல்கலைக்கழகத்தில் பார்த்துவிட்டேன்.

அடையாறிலிருந்து சர்தார் பட்டேல் ரோட்டில் ஒரு தடவை ஆட்டோவில் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் ஐ.ஐ.டி. கொஞ்சம் தள்ளி எதிரே அண்ணா பல்கலைக்கழகம். இரண்டு மைதானத்துக்கும் இடையில் ஒரு ரோடு, நாலைந்து மான், கொஞ்சம் குரங்கு. ஆனால் ஐ.ஐ.டி. பையன் உயிரைக் கொடுத்து விளையாடுவது 1961-லிருந்து நடக்கிற இன்டர்-ஐ.ஐ.டி. மீட்டில், கரக்பூரோடும் கான்பூரோடும். ரோட்டைத் தாண்டினால் ஆள் இருக்கிறது. அவன் இரண்டு நாள் ரயிலில் போய்த் தோற்றுவிட்டு வருவான்.

நண்பர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். “ஆக, ஸ்டான்ஃபோர்ட் பண்ணது தப்பில்லேங்கறீர்?”

தப்புதான். நாம் செய்ததும் தப்புதான். ஒரு வித்தியாசம், அவன் காசுக்காகச் செய்தான், நாம் வீம்புக்காகச் செய்தோம். ‘பேக் 12’-ல் மிஞ்சிய இரண்டு பேரும் வீட்டை மூடவில்லை, 2026-லிருந்து புது ஆட்களைச் சேர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டார்கள். அதில் கொன்ஸாகா என்ற கல்லூரியில் ஃபுட்பாலே கிடையாது. மெட்ராஸ் பல்கலைக்கழகம் என்ற தாயார் வீட்டில் இன்று சென்னையும் சுற்று வட்டாரமும்தான் பாக்கி. யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் பிடித்த வீடு.

ஸ்ரீபாக் ஒப்பந்தம் எழுதிய இடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் லஸ் சர்ச் ரோட்டுக்கு வரலாம். பூங்காவில் பெஞ்ச் வேண்டுமென்றால் ஆறரைக்கு முன்னால் வாருங்கள்; அதற்கப்புறம் எல்லாப் பெஞ்சிலும் அமெரிக்கா உட்கார்ந்திருக்கும்.